உரைப்பதிப்பியும் தமிழ் விசைவரிசையும்

1976இல் கலிபோர்னியாவின் பேர்க்கிளிப் பல்கலைக்கழகத்தில் பில் ஜோய் ஆக்கிய ‘வீ-ஐ’, முனையத் திரையில் இயங்கும் உரைப்பதிப்பியாகும். தொலைபேசி இணைப்பிற் செக்கனுக்கு 300 பிட்டே சென்ற காலமாதலின், அதன் கட்டளைகள் ஓரிரு எழுத்துகளாய்ச் சுருங்கின. அவை உரோம எழுத்துகள். தமிழில் எழுதுவோர்க்கு இடர் விளைந்தது இவ்விடத்தேயாம்.

2005இல் பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. தோட்டப்புறத்திலிருந்து அங்குக் கணினி பயிலவரும் ஒருவர், செக்ரோலுக்கு நிரல் எழுதுவதாகக் கொள்வோம். (தோட்ட வழக்கிற் ‘பேர்’ என்பது ஒருநாட் கூலியையும் குறிக்கும், அங்கே பெயர் பிழைத்தல் சிறு பிழையன்று.) கொழுந்து பறிப்போரின் பெயர்களைத் தமிழில் இட, இயங்குதளத்தின் விசைவரிசையை மாற்றுகின்றார். பின்னர் ஒரு வரியை நீக்க ‘டி’ விசையை இருமுறை அழுத்தினால், பதிப்பி பெறுவது தமிழெழுத்து, வரி நீங்காது. பெயர்தோறும் வரிசையை மாற்றிச் சலிப்பதினும் உரோம எழுத்தில் எழுதிவிடுதலே எளிதெனத் தோன்றும்.

‘வீ-ஐ’யைப் பின்பற்றி நெதர்லாந்தினரான பிராம் மூலெனார் 1991இல் வெளியிட்ட ‘விம்’, 2001இல் ஆறாம் பதிப்பைக் கண்டது. செருகுநிரல்களைத் தானே ஏற்றும் வசதியோடு, கட்டளை நிலையைத் தொடாது உள்ளிடும் நிலையில் மாத்திரம் வேற்றெழுத்தைத் தரும் விசைவரிசைக் கோப்பும் அதில் இடம்பெற்றது. அதனுடன் வந்த தமிழ்க் கோப்பொன்று பழைய திஸ்கிக் குறியேற்றத்துக்குரியது. இலங்கை 2008இல் தரப்படுத்திய ரெங்கநாதன் வரிசைக்கு உதவாது. ஆயினும் அக்கோப்பு வெறும் உரையே. இடப்புறம் விசை, வலப்புறம் எழுத்து. ஒருங்குகுறியில் அதனைப் புதிதாய் எழுத எவரது அனுமதியும் வேண்டியதில்லை. ஒரே அகலக் கட்டங்களுள் ‘கௌ’ போன்றவை அடங்க மறுப்பது முனையத்தின் குறை. செருகுநிரலால் அது தீராது.