மூக்கைச் செய்தவன் பெயர்

செஞ்சிக்குப் போனால் எல்லோரும் தேசிங்கு ராஜா கதையைத்தான் சொல்வார்கள். 2025 ஜூலையில் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த 12 மராட்டியக் கோட்டைகளில் செஞ்சியும் ஒன்று என்பதால், இப்போது சிவாஜி கதையும் சேர்ந்துகொண்டது. அவர்களுக்கெல்லாம் முன்னால் இந்தக் கோட்டை நாயக்கர்களிடமிருந்து பறிபோன கதையைக் கேட்பவர் குறைவு. எனக்கு அந்தக் கதையில்தான் கண். அது கடைசியில் ஒரு அறுவை சிகிச்சையில் போய் முடிகிறது.

விஜயநகர அரசர் மூன்றாம் ஸ்ரீரங்கருக்கு அடங்க மறுத்த மதுரை திருமலை நாயக்கர், சுல்தான்களின் படைகளைத் தெற்கே இழுத்துவிட்டார். கோல்கொண்டா படை செஞ்சியை நெருங்கியதும், காப்பாற்றச் சொல்லி பீஜப்பூரைக் கூப்பிட்டார். வந்த பீஜப்பூர் படை 1649 வாக்கில் செஞ்சியைத் தானே எடுத்துக்கொண்டது. திருமலையின் இந்த ஆட்டத்தின் மேல் மைசூருக்கு இருந்த ஆத்திரம், அடுத்து வந்த போருக்கு வரலாற்றாசிரியர்கள் சொல்லும் காரணங்களில் ஒன்று.

அதுதான் மூக்கறு போர். 1650களின் பிற்பகுதியில் சத்தியமங்கலம் வழியாக இறங்கிய மைசூர்ப் படை, எதிர்ப்பட்டவர்களின் மூக்கை அறுத்தது. ஆண், பெண், குழந்தை என்ற கணக்கே இல்லை. அறுத்த மூக்குகள் மூட்டை மூட்டையாக மைசூர் மன்னருக்குப் போயின, கொண்டுபோனவர்களுக்குப் பரிசு கிடைத்தது. மதுரை மிஷனைச் சேர்ந்த பாதிரியார் ப்ரோயென்சா 1659-ல் எழுதிய கடிதத்தில் இது பதிவாகியிருக்கிறது. மூக்கோடு மேலுதட்டையும் சேர்த்து அறுத்தார்கள் என்கிறார் அவர்.

மேலுதடு போனால் என்ன ஆகும்? எச்சில் நிற்காது, தண்ணீர் குடிக்கும்போது வழியும். அதோடு ப, ம இரண்டும் வராது. இரண்டு உதடும் ஒட்டினால்தானே அந்த எழுத்துகள் பிறக்கும். அம்மா, அப்பா இரண்டும் வாயை விட்டுப் போய்விடும். அதே நூற்றாண்டில், செஞ்சிக்குக் கிழக்கே மயிலத்தில் உள்ள பொம்மபுர ஆதீனத்தோடு தொடர்புள்ள சிவப்பிரகாசர், உதடு ஒட்டாமல் படிக்கும்படி திருச்செந்தில் நிரோட்டக யமக அந்தாதி பாடினார். ஒரு பக்கம் உதடு ஒட்டாமல் பாடுவது புலமை. இன்னொரு பக்கம் ஒட்டுவதற்கு உதடே இல்லாத ஜனம். அவர்களில் ஒருவர் பெயரும் நமக்கு வரவில்லை. "நல்லா மூக்கறுபட்டான்" என்று சிரித்துக்கொண்டே சொல்கிறோம், அவ்வளவுதான்.

மூக்கறுப்பது அந்தப் போரோடு முடியவில்லை. 1792-ல் திப்பு சுல்தானோடு நடந்த போரில், ஆங்கிலேயப் படைக்கு மாடு ஓட்டிய கவாஸ்ஜி என்ற மராட்டியர் பிடிபட்டார். மூக்கையும் ஒரு கையையும் வெட்டிவிட்டார்கள். சுமார் ஒரு வருஷம் மூக்கில்லாமல் இருந்தவருக்கு, புனே அருகே செங்கல் செய்யும் சாதியைச் சேர்ந்த ஒருவர் புது மூக்கு வைத்தார். பம்பாய் மாகாணத்து ஆங்கில மருத்துவர்கள் இரண்டு பேர், தாமஸ் குரூசோவும் ஜேம்ஸ் ஃபிண்ட்லேயும், இந்த சிகிச்சையைப் பார்த்திருக்கிறார்கள். 1794 அக்டோபரில் லண்டனின் ஜென்டில்மேன்ஸ் மேகசின் படத்தோடு செய்தி போட்டது.

செய்முறை இதுதான். மெழுகைத் தட்டையாக்கி மூக்கு மாதிரி வடிவம் செய்கிறார். அதைப் பிரித்து நெற்றியில் வைத்துச் சுற்றிக் கோடு போடுகிறார். கோட்டுக்குள் இருக்கும் தோலை உரிக்கிறார், ஆனால் முழுசாக இல்லை. புருவங்களுக்கு நடுவே காம்பு மாதிரி கொஞ்சம் விட்டுவைக்கிறார், ரத்தம் ஓட்டம் நிற்காமல் இருக்க. மூக்கிருந்த இடத்தின் விளிம்பைச் சீவி, தோலைத் திருப்பி இறக்கிப் பொருத்துகிறார். மேலே ஒட்டியது வெற்றிலையோடு போடும் காசுக்கட்டி! அதைத் தண்ணீரில் குழைத்துத் துணியில் தடவி அடுக்கினார். நாலு நாள் தொடவில்லை. அப்புறம் நெய்த்துணி. மூக்குத் துவாரம் அடைந்துவிடாமலிருக்க பத்தாவது நாள் துணி செருகினார். சுமார் 25-வது நாளில் காம்பை வெட்டினார். புது இடத்தில் ரத்தக்குழாய்கள் பிடித்துக்கொள்ளும்வரை பழைய இணைப்பைத் துண்டிக்கக் கூடாது. மொத்த நுட்பமும் இந்தப் பொறுமையில் இருக்கிறது.

லண்டனில் ஜோசப் கார்ப்யூ என்ற அறுவை மருத்துவர் இந்த முறையை 1814-ல் ஒரு ராணுவ அதிகாரிக்குச் செய்து, 1816-ல் புத்தகமாகவும் வெளியிட்டார். ஐரோப்பா இதற்கு 'இந்திய முறை' என்று பெயர் வைத்தது. 1963-ல் ஸ்காட்லாந்தின் இயன் மெக்ரெகர் நெற்றித் தோலை வாய்க்குள்ளேயே கொண்டுபோய், புற்றுநோய்க்காக வெட்டிய இடத்தை மூடும் முறையை எழுதினார். பிறகு நெஞ்சுத் தசை, முன்கைத் தோல், கால் எலும்பு என்று வாய்-முக அறுவை சிகிச்சை வெகுதூரம் வந்துவிட்டது. புகையிலையால் தாடையை இழப்பவர்கள் நிறைந்த நம் நாட்டில் அது ஆடம்பரமில்லை. சாப்பிடவும் பேசவும் நாலு பேர் நடுவில் உட்காரவும் அது வேண்டும். இதில் இன்னொன்று: தோல் புற்றுநோயால் மூக்கை இழந்தவருக்கு இன்றைக்கும் நெற்றித் தோல்தான் முதல் தேர்வுகளில் ஒன்று. காம்பை வெட்ட இன்றும் சுமார் மூன்று வாரம் காத்திருக்கிறார்கள்.

"பிளாஸ்டிக் சர்ஜரியை நாமதான் கண்டுபிடிச்சோம்" என்று வாட்ஸப்பில் சுற்றும் பெருமையில் சுஸ்ருதர் பெயர் தவறாமல் வரும். சுஸ்ருத சம்ஹிதையில் கன்னத் தோலால் மூக்கு செய்யும் முறை இருப்பது உண்மைதான். ஆனால் புனேயில் கத்தி பிடித்தது பண்டிதர் இல்லை, செங்கல் அறுத்த கை. நம் ஊரிலும் கட்டி அறுத்தது, பிரசவம் பார்த்தது நாவிதர் குடும்பங்கள்தான். அவர்கள் சாதிக்கே மருத்துவர் என்று பெயர். பெயரில் மட்டும் மரியாதை வைத்து, ஆளை வாசலோடு நிறுத்திய சமூகம் இது.

நான் கோடு எழுதிப் பிழைப்பவன். எங்கள் தொழிலில் ஒரு வரியை மாற்றினாலும் யார் மாற்றினார் என்று பெயரோடு பதிவாகிவிடும். 1794-ன் அந்தப் பத்திரிகைப் பதிவில் நோயாளிக்குப் பெயர் இருக்கிறது. வேடிக்கை பார்த்த மருத்துவர்களுக்குப் பெயர் இருக்கிறது. மூக்கைச் செய்தவருக்குச் சாதி மட்டும் இருக்கிறது. மூக்கறு போரில் முகம் போனவர்களுக்கு அதுகூட இல்லை. 'இந்திய முறை' என்று பெருமைப்படும்போது, நாடு எடுத்துக்கொண்ட அந்தப் பெயர் ஒரு ஆளுக்குச் சேர வேண்டியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.