தமிழ்நாட்டில் கணினி வைரசுகளும் லினக்ஸ் முயற்சியும்

கணினி வைரசுகளிடமிருந்து தப்புவதற்கு வைரஸ் எதிர்ப்பு மென்பொருளை வாங்குவது ஒரு வழி. இயங்குதளத்தையே மாற்றுவது மற்றொரு வழி. இந்த இரண்டாவது வழியைத் தமிழ்நாடு அரசு சுமார் பத்தாண்டுக் காலம் முயன்று பார்த்தது. அம்முயற்சி எப்படித் தோன்றியது, அலுவலகங்களையும் மாணவர்களையும் அடைந்தபோது அதற்கு என்ன நேர்ந்தது என்பதை இக்கட்டுரை விவரிக்கிறது.

நெகிழ்வட்டிலிருந்து பென் டிரைவ் வரை

தனிநபர் கணினிகளில் உலகெங்கும் பரவிய முதல் வைரஸ் நமக்கு அண்டையில்தான் பிறந்தது. 1986இல் பாகிஸ்தானின் லாகூரில் பாசித், அம்ஜத் என்ற சகோதரர்கள் எழுதிய 'பிரெய்ன்' நெகிழ்வட்டின் தொடக்கப் பகுதியில் ஒளிந்துகொண்டு வட்டுக்கு வட்டு தாவியது. தங்கள் கடை முகவரியையும் தொலைபேசி எண்ணையும் அதற்குள்ளேயே அவர்கள் எழுதி வைத்திருந்தனர். திருட வந்தவன் விலாசம் கொடுத்துவிட்டுப் போனது போன்ற காலம் அது! சென்னையில் கே7 கம்ப்யூட்டிங் நிறுவனம் 1990களின் தொடக்கத்திலேயே வைரஸ் எதிர்ப்பு மென்பொருள் தயாரிக்கத் தொடங்கிவிட்டது.

2000 மே மாதம் பிலிப்பைன்சிலிருந்து புறப்பட்ட 'ஐ லவ் யூ' மின்னஞ்சல் வழியே உலகைச் சுற்றியது. ஆனால் கீழ்பென்னாத்தூர் போன்ற ஊர்களில் அன்று மின்னஞ்சல் வைத்திருந்தோர் மிகச் சிலர். எங்கள் பக்கத்துக்கு வைரஸ் பெருமளவில் வந்து சேர்ந்தது பென் டிரைவில்தான். பள்ளியில் தட்டச்சு செய்த வினாத்தாளை அச்செடுக்க ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோவோம். அங்கே நாள் முழுவதும் நூறு பேருடைய பென் டிரைவ் ஏறி இறங்கும். அன்றைய விண்டோஸ், பென் டிரைவைச் செருகியதும் அதிலுள்ள 'ஆட்டோரன்' என்ற சிறு கோப்பைப் படித்து, அது சொல்லும் நிரலை இயக்க வழிவிட்டது. வைரசுக்குத் தேவைப்பட்டது அவ்வளவுதான். 2008இல் பரவிய 'கான்ஃபிக்கர்' இந்த வழியையும் பயன்படுத்தியது. மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 7இல் பென் டிரைவுக்கு இந்த வசதியை நிறுத்தியது. பழைய பதிப்புகளுக்கு 2011இல் புதுப்பிப்பு மூலம் நிறுத்தியது.

அப்போதும் தொல்லை தீரவில்லை. வேறொரு வகை வைரஸ் கோப்புறைகளை மறைத்துவிட்டு, அதே பெயரில் குறுக்குவழிகளை வைத்தது. மதிப்பெண் பட்டியல் அழிந்துவிட்டதென்று ஆசிரியர்கள் பதறுவார்கள். உண்மையில் அது அங்கேயே மறைந்திருக்கும். பதற்றத்தில் 'ஃபார்மட்' கொடுத்து, இருந்ததையும் இழந்தவர்களை நான் அறிவேன். ஒரு வகுப்பின் முழு ஆண்டு மதிப்பெண்களை விடைத்தாள்களிலிருந்து மறுபடி ஏற்றிய நாட்களும் உண்டு.

எல்காட்டின் முடிவு

தமிழ்நாடு மின்னணு நிறுவனமான எல்காட்டின் நிர்வாக இயக்குநராக சி. உமாசங்கர் இருந்தபோது, 2007ஐ ஒட்டிய ஆண்டுகளில், அந்நிறுவனக் கணினிகள் 'சூசே' லினக்சுக்கு மாற்றப்பட்டன. விண்டோஸ் உரிமத்துக்கும் வைரஸ் எதிர்ப்பு மென்பொருளுக்கும் ஆகும் செலவு ஒரு காரணம். வைரஸ் தொல்லை மற்றொரு காரணம். அதே காலத்தில், 2007 தொடக்கத்தில், சென்னை சி-டாக் மையம் உருவாக்கிய 'பாஸ்' என்ற இந்திய லினக்ஸ் வெளிவந்தது.

லினக்சுக்கு வைரசே வராது என்று அப்போது பலர் பேசினர். அது சரியன்று. விண்டோசுக்கென எழுதப்பட்ட நிரல் லினக்சில் ஓடாது என்பதே முதற்காரணம். லினக்சில் சாதாரணப் பயனர், கடவுச்சொல் கொடுக்காமல் முறைமைக் கோப்புகளைத் தொட முடியாது என்பது இரண்டாவது. இந்த இரண்டாவது பாதுகாப்பை விண்டோசிலும் பெறலாம். அன்றாட வேலைக்கு நிர்வாகி உரிமை இல்லாத தனிக் கணக்கு ஒன்றை வைத்துக்கொண்டால் போதும். இதைச் செய்பவர் இன்றும் குறைவு.

விலையில்லா மடிக்கணினி

2011 செப்டம்பர் 15இல் முதலமைச்சர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கினார். ஐந்தாண்டுகளில் சுமார் 68 லட்சம் மாணவர்களுக்கு வழங்குவது இலக்கு. அம்மடிக்கணினிகளில் விண்டோசும் பாஸ் லினக்சும் சேர்ந்தே வந்தன. எத்தனையோ கிராமத்து வீடுகளுக்குள் முதல் கணினி நுழைந்தது அப்போதுதான்.

கருவி வந்ததே தவிர, லினக்சைப் பழக்கிவிட ஆள் வரவில்லை. மாணவர்கள் விண்டோசையே திறந்தனர். படம் பார்க்கவும் பாட்டு ஏற்றவும் பென் டிரைவ்கள் கைமாறின. கணினி மெதுவானதும் பழுது பார்க்கும் கடைக்குப் போனது. அங்கே உரிமமற்ற விண்டோஸ் ஏற்றப்பட்டபோது லினக்ஸ் பகுதியும் சேர்ந்து அழிந்தது. உரிமமற்ற படிகளில் பாதுகாப்புப் புதுப்பிப்புகளைப் பலர் நிறுத்தியே வைத்தனர். கோடிக்கணக்கில் செலவிட்ட திட்டத்தில் ஆசிரியர்களுக்குச் சில நாள் பயிற்சியைக் கூடுதலாகச் சேர்த்திருந்தால், லினக்ஸ் பகுதி இப்படி வீணாகியிருக்காது என்பது என் கருத்து.

எழுத்துரு என்னும் முட்டுக்கட்டை

விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8இல் நிறுத்தியது. இனிப் புதுப்பிப்பு வராத கணினி பாதுகாப்பற்றது என்பதால், துறைகள் பாஸ் லினக்சுக்கு மாறலாம் என்று தமிழ்நாடு அரசு அறிவுறுத்தியது. இங்கே தமிழே குறுக்கே நின்றது எனலாம். அலுவலகங்களில் தட்டச்சர்கள் பழகியிருந்த வானவில் போன்ற எழுத்துருக்களும் அவற்றுக்கான விசைப்பலகை மென்பொருளும் விண்டோசுக்காகச் செய்யப்பட்டவை. 2010இல் கோவைச் செம்மொழி மாநாட்டின்போதே அரசு யூனிகோடை ஏற்றிருந்தும், பழைய கோப்புகளும் பழகிய விரல்களும் அவ்வளவு விரைவில் மாறவில்லை.

அதன் பின்

2017 மே 12இல் 'வான்னாக்ரை' தாக்கியது. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் இவ்வகைக்குப் பிணைப்பண நிரல் என்று பெயர். நம் ஊர்ப் பக்தர்கள் அடிக்கடி செல்லும் திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் கணினிகள் சிலவும் பாதிக்கப்பட்டன. எக்ஸ்பிதான் காரணம் என்று பரவலாகச் சொல்லப்பட்டாலும், பெரும்பாலும் பாதிக்கப்பட்டவை விண்டோஸ் 7 கணினிகள். அதற்கான திருத்தம் மார்ச் மாதமே வெளிவந்துவிட்டது. அதை நிறுவாதவர்களே மாட்டிக்கொண்டனர்.

2019இல் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாகப் பிரிவுக் கணினி ஒன்றில் தீநிரல் இருந்ததை இந்திய அணுமின் கழகம் அக்டோபர் 30இல் உறுதி செய்தது. உலையை இயக்கும் வலையமைப்பு இணையத்திலிருந்து பிரிக்கப்பட்டிருந்ததால் அதற்குப் பாதிப்பில்லை என்றும் கூறியது. 2021 செப்டம்பரில் தமிழ்நாடு அரசின் பொதுத்துறைக் கணினிகளும் பிணைப்பண நிரலுக்கு உள்ளாயின.

பிணைப்பண நிரல் பூட்டிய கோப்பைப் பெரும்பாலும் மீட்க முடியாது. தனி வன்தட்டில் எடுத்து, கணினியிலிருந்து கழற்றி வைத்த படி மட்டுமே கைகொடுக்கும். செருகியே வைத்திருந்தால் அந்தப் படியும் பூட்டப்படும்.

இன்று திருடுவோர் கணினியை விடக் கைப்பேசியையே நாடுகின்றனர். உயிர்வாழ்வுச் சான்று புதுப்பிக்கிறோம் என்று ஓய்வூதியர்களை அழைத்து ஓடிபி எண்ணைக் கேட்கும் மோசடி குறித்து அரசு பலமுறை எச்சரித்துள்ளது. பணம் போய்விட்டால் 1930 என்ற எண்ணில் உடனே புகார் செய்ய வேண்டும். திருடியவர் கணக்கிலிருந்து பணம் வெளியேறுவதற்குள் தகவல் போனால் வங்கி அதை முடக்கி வைக்க முடியும்.