ஊர்ப் பதிவேடும் இலவச பஸ்ஸும்

2013ஆம் ஆண்டு சனவரி மாதம் முதலாந் திகதி, எஸ்தோனியா நாட்டின் தலைநகராகிய தாலினில், பஸ், ட்ராம், ட்ரொலி பஸ் ஆகிய மூவகை வண்டிகளிலும் நகரவாசிகளுக்குக் கட்டணம் நீக்கப்பட்டது. நாலு இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழும் தலைநகர் ஒன்று இவ்வாறு செய்ததைக் கண்டு ஐரோப்பா வியந்தது. இலவசம் என்ற சொல்லையே யாவரும் பேசினர். ஆனால் வரலாற்றை நோக்குவோர் கருத்திற் கொள்ளவேண்டியது அச்சொல்லன்று; நகரவாசி என்ற சொல்லே. நகரவாசி என்பவர் யார்? அந்நாட்டுப் பிரசை மட்டுமா? அங்கு வந்து குடியிருக்கும் பிறநாட்டாரும் அச்சொல்லில் அடங்குவரா?

இவ்வினா தாலினுக்குப் புதியதன்று. ரேவல் என்ற பழைய பெயருடன் விளங்கிய காலத்தில், 1248ஆம் ஆண்டில், டென்மார்க்கு மன்னன் அந்நகருக்கு லூபெக்கு நகரின் சட்டத்தை வழங்கினான். பிரபுவின் நிலத்தினின்றும் தப்பியோடி வந்த குடியானவன் நகர மதிலுக்குள் ஓராண்டும் ஒரு நாளும் வாழ்ந்துவிட்டால், அவனை மீட்டுச் செல்லப் பழைய எசமானுக்கு உரிமையில்லை என்பது அக்காலத்து நகர வழக்கு. ஒருவன் எங்கே பிறந்தான் என்பதைவிட எங்கே வாழ்ந்தான் என்பதே அங்கு பெரிதாயிற்று. ஆயினும் செல்வமும் ஆட்சியும் ஜெர்மானிய வணிகர் கையிலேயே பெரும்பாலும் இருந்தன என்பதை மறந்துவிடலாகாது.

இருபதாம் நூற்றாண்டிலே இவ்வினா மிகக் கடுமையான வடிவம் பெற்றது. 1940இல் சோவியத்து ஒன்றியம் எஸ்தோனியாவைத் தன்னுடன் இணைத்துக்கொண்டது. இடையில் மூன்றாண்டுகள் ஜெர்மானியர் ஆக்கிரமித்திருந்தனர். பின்னர் 1991 வரை மீண்டும் சோவியத்து ஆட்சி. அக்காலத்தில் தொழிற்சாலைகளில் வேலை செய்ய ருஷ்யரும் பிறரும் பெருந்தொகையாக வந்து குடியேறினர். தாலினின் கிழக்குப் பகுதியாகிய லாஸ்னமேயில் வரிசை வரிசையாக எழுந்த மாடிக் கட்டடங்களில் அவர்கள் குடும்பங்கள் வாழ்ந்தன. 1991இல் நாடு விடுதலை பெற்றது. மறு ஆண்டு, 1940க்கு முன் பிரசைகளாயிருந்தோரும் அவர்தம் வழித்தோன்றல்களுமே இயல்பாகப் பிரசைகள் என விதிக்கப்பட்டது. ஏனையோர் எஸ்தோனிய மொழியிற் பரீட்சை எழுதித் தேறவேண்டும். இதனால் அந்நாட்டு மக்களில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் ஒருநாளில் எந்நாட்டுக்கும் உரியரல்லாதாராயினர். நாடற்றோர் என்ற சொல்லை இலங்கை நேயருக்கு விளக்கவேண்டியதில்லை. அவர்களுக்கு வழங்கப்பட்ட கடவுச்சீட்டு சாம்பல் நிறமுடையது. பாராளுமன்றத்துக்கு அவர்கள் வாக்களிக்க இயலாது. ஆனால் நிலையாக வாழ்வோர் என்ற முறையில் 2025 வரை உள்ளூராட்சித் தேர்தலில் வாக்களிக்க முடிந்தது. இவ்வேற்பாட்டினாலேயே தாலின் மாநகரசபையில் அவர்கள் குரலுக்கு மதிப்பிருந்தது.

2012ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், மேயர் எட்கார் சவிசார் இலவசப் பயணம் பற்றி நகரமக்களின் கருத்தைக் கேட்டு வாக்கெடுப்பு நடத்தினார். ஐந்திலொரு பங்கினரே வாக்களித்தனர். அவர்களில் நாலில் மூன்று பங்கினர் ஆம் என்றனர். அடுத்த ஆண்டுத் தேர்தலுக்கு ருஷ்ய மொழி பேசுவோரின் வாக்கை விலைக்கு வாங்கும் தந்திரம் இதுவென எதிர்க்கட்சியினர் கூறினர். அக்குற்றச்சாட்டில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆயினும் மாநகரசபை வகுத்த விதி கவனிக்கத்தக்கது. அது பிரசாவுரிமையைக் கேட்கவில்லை, மொழியைக் கேட்கவில்லை. மக்கட் பதிவேட்டில் ஒருவரின் வதிவிடம் தாலின் எனப் பதியப்பட்டிருக்கிறதா என்பதே வினா. ஆமெனின், அக்காலத்தில் இரண்டு யூரோ கொடுத்து அட்டையைப் பெற்று வண்டியில் ஏற முடிந்தது. சாம்பல் நிறக் கடவுச்சீட்டு உடையவரும், சட்டப்படி குடியிருக்கும் பிறநாட்டாரும் பிரசைகளோடு ஒப்பாயினர். தார்த்து நகரிலிருந்து வேலைக்கு வந்த எஸ்தோனியப் பிரசையோ காசு கொடுத்துப் பயணச்சீட்டு வாங்கினார்!

இது வெறும் தாராளமன்று; கணக்கும் அதிலுண்டு. எஸ்தோனியாவில் வருமான வரியின் ஒரு பகுதி, வரி செலுத்துவோர் பதிந்துள்ள ஊராட்சிக்குச் செல்கின்றது. தாலினில் வாழ்ந்துகொண்டே வேறிடத்தில் பெயரைப் பதிந்திருந்தோர் பலர். பஸ் அட்டைக்காக அவர்கள் பதிவை மாற்றினால் வரிப்பணம் மாநகரசபைக்கு வரும். அவ்வாறே நடந்தது. 2012இன் தொடக்கத்தில் ஏறத்தாழ 4,16,000 ஆயிருந்த பதிவுத்தொகை 2016இல் 4,40,000 அளவுக்கு உயர்ந்தது. பயணிகள் தொகையோ எதிர்பார்த்தபடி பெருகவில்லை. சுவீடன் நாட்டு ஆய்வாளர் முதல் மாதங்களை ஆராய்ந்து, கட்டண நீக்கத்தால் விளைந்த அதிகரிப்பு 1.2 வீதமே என்றனர். மோட்டார் வண்டியைக் கைவிட்டோரைவிட, நடப்பதைக் கைவிட்டோரே மிகுதி எனப் பின்னர் தெரியவந்தது.

சலுகையைப் பெறத் தகுதியுடையோர் யார் என்பதை ஏனைய நாடுகளும் வேறு வேறு வழிகளில் எதிர்நோக்கின. ஆஸ்திரியாவில் மாணவருக்குக் குறைந்த கட்டணம் உண்டு. ஆனால் அந்நாட்டின் குடும்பப் படியைப் பெறும் பெற்றோரின் பிள்ளைகளுக்கே பெரும்பாலும் அது கிடைத்தது. பார்வைக்கு அவ்விதியில் பிறநாட்டார் என்ற சொல்லே இல்லை. ஆயினும் அங்கு கற்கவந்த பிறநாட்டு மாணவரை அது வெளியே நிறுத்தியது. 2012 ஒக்டோபரில் ஐரோப்பிய நீதிமன்றம் அது ஒன்றியச் சட்டத்துக்கு முரணான பாகுபாடு எனத் தீர்ப்பளித்தது. லக்சம்பேர்க்கு நாடு வினாவையே அகற்றிவிட்டது. அங்கு வாழ்வோரில் ஏறத்தாழ அரைவாசிப்பேர் பிறநாட்டார்; அயல்நாடுகளிலிருந்து நாளாந்தம் எல்லை கடந்து வேலைக்கு வருவோரும் இலட்சக்கணக்கில் உளர். 2020 பெப்ரவரி 29 முதல், புகைவண்டியின் முதல் வகுப்பு நீங்கலாக, யாவருக்கும் யாவும் இலவசமாயின. செல்வ நாடாதலின் அது இயன்றது. மானியத்தை எண்ணி எண்ணிச் செலவிடும் நகருக்கு ஏதேனும் ஓர் எல்லை வேண்டியேயிருக்கும். அவ்வெல்லை குடியிருப்பாக இருப்பது பிரசாவுரிமையாக இருப்பதிலும் நேர்மையானது. அவ்வூரில் வரி செலுத்துபவரும் அவ்வூர்ப் பாதையில் நாள்தோறும் நடப்பவரும் அங்கு குடியிருப்பவரேயன்றோ?

தாலினில் அவ்வெல்லையின் பொருள் 2025இல் மீண்டும் சோதிக்கப்பட்டது. ருஷ்யா உக்ரெயின்மீது தொடுத்த போரின் விளைவாக எழுந்த அச்சத்தில், அவ்வாண்டு மார்ச்சு மாதம் எஸ்தோனியப் பாராளுமன்றம் அரசியலமைப்பைத் திருத்தியது. ருஷ்யா முதலிய, ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியேயுள்ள நாடுகளின் பிரசைகள் உள்ளூராட்சி வாக்குரிமையை இழந்தனர். நாடற்றோருக்கு அவ்வாண்டு ஒக்டோபர்த் தேர்தலே கடைசித் தேர்தலாயிற்று. பஸ் அட்டைக்குரிய விதியை அத்திருத்தம் தொடவில்லை. லாஸ்னமேயின் மாடிக் கட்டடங்களில் வாழும் முதியோர், பதிவேட்டிற் பெயருள்ளவர் என்ற அளவில், முன்போலவே அட்டையுடன் வண்டியேறினர்.