விரலுக்குத் தெரிந்த எண்

போன வாரம் ஏ.டி.எம்.மில் பணம் எடுக்கப் போனேன். அட்டையைச் செருகியதும் ரகசிய எண் சுத்தமாக மறந்துவிட்டது. பின்னால் நான்கு பேர் நிற்கிறார்கள். ஆனது ஆகட்டும் என்று யோசிப்பதை விட்டுவிட்டு விரலைப் பொத்தான்கள் மேல் வைத்தேன். அது தானாகவே நான்கு இடங்களில் அழுத்தியது. பணம் வந்துவிட்டது! வீடு வரும்வரை ஹென்றி மொலைசன் நினைப்பாகவே இருந்தது.

அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்துக்காரர். மருத்துவ நூல்களில் அரை நூற்றாண்டுக்கு மேல் அவர் வெறும் 'எச்.எம்.' தான். 2008 டிசம்பரில், 82 வயதில் இறந்த பிறகே முழுப் பெயர் வெளியில் வந்தது.

சிறு வயதிலிருந்தே அவருக்குக் காக்காய் வலிப்பு. எந்த மருந்துக்கும் அடங்கவில்லை, வேலைக்கும் போக முடியவில்லை. 1953-இல், அவருக்கு 27 வயது இருக்கும்போது, வில்லியம் ஸ்கோவில் என்ற அறுவை மருத்துவர் மண்டையில் துளையிட்டு, மூளையின் இரண்டு பக்கத்திலும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் பெரும்பாலானதை உறிஞ்சி எடுத்துவிட்டார். பார்க்கக் கடல்குதிரை மாதிரி வளைந்திருக்கும் என்பதால் அந்தப் பெயர். அதன் வேலை என்னவென்று அன்றைக்கு யாருக்கும் சரியாகத் தெரியாது. நினைவு மூளை முழுக்கப் பரவிக் கிடக்கிறது, தனியாக ஓர் இடம் கிடையாது என்று கார்ல் லாஷ்லி போன்ற பெரியவர்களே எலிகளை வைத்துச் சோதித்துச் சொல்லியிருந்த காலம் அது.

வலிப்பு வெகுவாகக் குறைந்தது. ஆனால் ஆஸ்பத்திரியில் கழிவறைக்கு வழி தெரியவில்லை. தினமும் வந்து கவனிப்பவர்களின் முகம் தெரியவில்லை. அறிவு மங்கவில்லை, சோதனையில் சராசரிக்குச் சற்று மேலேயே இருந்தார். இளவயது நினைவுகளும் இருந்தன. புதிதாக எதுவும் ஒட்டவில்லை, அவ்வளவுதான்.

கனடாவின் மான்ட்ரியலில் இருந்து பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் வந்து அவரைச் சோதித்தார். 584 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னார். எச்.எம். அதைக் கூட்டியும் பிரித்தும் மனசுக்குள் உருட்டிக்கொண்டே கால் மணி நேரம் காப்பாற்றினார். கவனம் வேறு பக்கம் திரும்பியதும் எண் போய்விட்டது. அப்படி ஓர் எண் சொல்லப்பட்டதே நினைவில்லை.

இன்னொரு சோதனைதான் என்னை உலுக்கியது. கையை நேராகப் பார்க்காமல், கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து ஒரு நட்சத்திரத்தின் இரண்டு கோடுகளுக்கு நடுவே பென்சிலால் வரைய வேண்டும். நீங்களும் முயன்று பாருங்கள், கை எதிர்த்திசையில் இழுக்கும். மூன்று நாள் பழக்கத்தில் எச்.எம். அருமையாக வரையத் தொடங்கிவிட்டார். ஆனால் ஒவ்வொரு முறையும், இதற்குமுன் வரைந்ததே இல்லை என்றுதான் நினைத்தார். கை கற்றுக்கொண்டது, ஆளுக்குத் தெரியாது! நினைவு என்பது ஒன்றல்ல, பல என்பது அதிலிருந்துதான் மெல்ல மெல்லத் தெளிவானது.

இதைப் படித்தபோது அம்மா போய் ஐந்து வருடம் ஆகியிருந்தது. கடைசி இரண்டு வருடம் என்னை யாரென்று தெரியாது. ஆனால் மடியில் மல்லிகையைக் கொட்டி நாரைக் கையில் கொடுத்தால், நெருக்கமாக, ஒரு பூ நழுவாமல் கட்டிவிடுவாள். "பூ கட்டத் தெரியுது, சாப்பிட்டது மட்டும் மறந்துபோச்சா?" என்று எத்தனை தடவை எரிந்து விழுந்திருக்கிறேன். வேண்டுமென்றே செய்கிறாள் என்றுகூட ஒரு காலத்தில் நினைத்தேன். அம்மாவுக்கு வந்தது வேறு வியாதி. ஆனால் அந்த மறதி நோயும் பெரும்பாலும் ஹிப்போகாம்பஸ் பக்கமிருந்துதான் ஆரம்பிக்கிறது. பூ கட்டும் நினைவு இருக்கும் இடம் வேறு.

ஸ்கோவிலைத் திட்டுவது சுலபம். நானும் திட்டியிருக்கிறேன். ஆனால் அந்த மனிதர் நடந்ததை மூடி மறைக்கவில்லை. மில்னரோடு சேர்ந்து 1957-இல் கட்டுரையாகவே வெளியிட்டு, இந்த அறுவையைச் செய்யாதீர்கள் என்று மற்ற மருத்துவர்களை எச்சரித்தார்.

பிறகு சூசன் கார்கின் என்ற ஆய்வாளர் எச்.எம்.மை அவர் இறக்கும்வரை, நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கவனித்து வந்தார். ஒவ்வொரு சந்திப்பும் எச்.எம்.முக்கு முதல் சந்திப்பு மாதிரிதான். ஆனாலும் அந்த முகம் எங்கோ பார்த்த முகமாகத் தோன்றியிருக்கிறது. உயர்நிலைப் பள்ளியில் கூடப் படித்தவராக இருக்கும் என்று அவராகவே முடிவு செய்துகொண்டார்.

அம்மாவும் என்னைப் பார்த்து, "நீ மேலத்தெருப் பையன்தானே?" என்பாள்.