தில்லை மரம்

தில்லை என்பது ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்த, எக்ஸ்கோகேரியா அகல்லோகா என்னும் தாவரவியல் பெயருடைய அலையாத்தி மரமாகும். சிதம்பரத்துக்குப் பழம்பெயரையும் நடராசர் கோயிலுக்குத் தலமரத்தையும் தந்த இம்மரத்தை இன்று அவ்வூர்ப் பகுதியில் காண விரும்புவோர், 2022இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட பிச்சாவரத்தின் உப்பங்கழிக் கரைகளுக்கே செல்ல வேண்டியுள்ளது. ஆண் மரமும் பெண் மரமும் தனித்தனியானவை.

பட்டையைக் கீறினால் வடியும் வெண்பால் தோலில் கொப்புளம் எழுப்பும். கண்ணில் பட்டால் தற்காலிகமாகப் பார்வையைப் பறிக்கும். அப்பாலிலுள்ள டைடெர்பீன் எஸ்டர்கள், அதாவது 20 கரிமஅணுச் சட்டகத்தில் கொழுப்பமிலம் இணைந்த சேர்மங்கள், உயிரணுக்களின் புரத கைனேஸ் சி என்னும் நொதியைத் தூண்டி அழற்சியை உண்டாக்குகின்றன. இலையிலும் பட்டையிலும் டானின்களும் ஃபிளேவனாய்டுகளும் உள்ளன. டானின் என்பது புரதங்களைப் பற்றிப் படியச் செய்யும் துவர்ப்புப் பொருளாதலால், நுண்ணுயிரிகளின் நொதிகளை அது முடக்கக்கூடும்.

இலைச் சாறுகள் ஆய்வகத் தட்டுகளில் சில பாக்டீரியாக்களின் வளர்ச்சியைத் தடுத்துள்ளன. கிராம்-எதிர் பாக்டீரியா வகைகளுக்கு வெளிச்சவ்வு ஒன்று கூடுதலாக இருப்பதால், பொதுவாகத் தாவரச் சாறுகளுக்கு அவை எளிதில் பணிவதில்லை. தட்டில் தெரியும் தடுப்பு வட்டத்தை மருந்தின் ஆற்றலாகக் கொள்வது பொருந்தாது. நச்சுப்பால் கொண்ட இம்மரத்தில் அந்த எச்சரிக்கை இன்னும் கூடுதலாகத் தேவைப்படுகிறது. எனினும், இலையிலிருந்தும் தண்டிலிருந்தும் பிரிக்கப்பட்ட, மேற்சொன்ன டைடெர்பீன் எஸ்டர் வகையைச் சேர்ந்த ஃபோர்பால் எஸ்டர் ஒன்று எச்.ஐ.வி. பெருக்கத்தை ஆய்வகத்தில் தடுத்தமை 1995இல் வெளியிடப்பட்டது.