அறுபது எண்ணுவதற்குள்...

போன வாரம் பரணை ஒழிச்சுக்கிட்டிருந்தப்ப ஒரு பழைய சிடி கையில மாட்டிச்சு. மேல மார்க்கர் பேனாவால என் கையெழுத்துல 'எக்ஸ்பி - நல்லது' என்று எழுதியிருக்கு. அப்ப 'கெட்டது' என்று ஒண்ணும் இருந்திருக்கணும் :-) தூக்கிப் போடலாம்னு குப்பைக்கூடை வரைக்கும் போய்ட்டுத் திரும்பி வந்துட்டேன்.

2003 ஆகஸ்ட்ல வீட்ல கம்ப்யூட்டர் வெச்சிருந்தவங்களுக்கு அந்தப் பெட்டி ஞாபகம் இருக்கும். நெட் கனெக்ட் பண்ணின கொஞ்ச நேரத்துல திரை நடுவுல வந்து உக்காரும். 'சிஸ்டம் நிறுத்தப்படப் போகுது, செஞ்சுக்கிட்டிருக்கற வேலையைச் சேமிச்சுக்குங்க' என்கிற மாதிரி ஒரு வாசகம். இந்த உத்தரவைப் போட்டது 'என்.டி. அதாரிட்டி' என்று ஒரு வரி. ரிமோட் ப்ரொசீஜர் கால் சேவை எதிர்பாராம நின்னுபோச்சு என்று காரணம். பக்கத்துல ஒரு கடிகாரம்... 59, 58, 57. பூஜ்யம் வந்ததும் மெஷின் தானா அணைஞ்சு தானா எழுந்துக்கும்.

நாங்க அப்ப கும்பகோணத்துல. அசெம்பிள்டு மெஷின், 128 எம்பி ராம், 40 ஜிபி ஹார்ட் டிஸ்க், டயல்-அப் மோடம். நெட்டுல இருந்தா போன் எங்கேஜ்டு, அதனால ராத்திரி ஒன்பது மணிக்கு மேலதான் அம்மா அனுமதி குடுப்பாங்க. அதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் அப்பாவுக்கு. அப்பா தந்தி ஆபீஸ்ல வேலை பாத்து ரிடையர் ஆனவர். ஈஸி சேர்ல சாஞ்சுக்கிட்டு அவர் சர்வீஸ் கதையைச் சொல்லச் சொல்ல, நான் முரசு அஞ்சல்ல தட்டிக்கிட்டே போவேன். மோர்ஸ் சாவி காலத்துக் கதைகள். சொல்லும்போதே விரல் சேர்க் கையில தன்னால தாளம் போடும். கல்யாண வீட்டுக்குச் சாவுத் தந்தி வந்து, பந்தல் வாசல்ல பியூன் உள்ள போகவா வேணாமான்னு நின்ன கதை அதுல ஒண்ணு. தாலி கட்டி முடியற வரைக்கும் அந்த மனுஷன் தந்தியைச் சட்டைப் பையில வெச்சுக்கிட்டு தென்னை மரத்தடியில நின்னாராம். நாற்பத்தி மூணு பக்கம் வந்திருந்தது.

அப்பத்தான் பெட்டி வந்தது.

நான் செஞ்ச 'துப்பறியும் வேலை'யை வரிசையா சொல்றேன், சிரிக்காதீங்க. முதல் சந்தேகம் கரண்ட் மேல. வோல்டேஜ் ஏறி இறங்குதுன்னு நெனச்சு யூபிஎஸ் வாங்கினேன். பிரயோஜனமில்ல. அடுத்தது ராம். கழட்டி, பள்ளிக்கூட அழிரப்பரால தேய்ச்சு, திரும்பச் சொருகினேன் (இதைச் செய்யாத ஆளு நம்மள்ல யாராவது இருக்கீங்களா?). அதுக்கப்புறம் ஆன்ட்டி-வைரஸ். பல மாசமா அப்டேட் பண்ணாத ட்ரையல். ஒரு ராத்திரி முழுக்க ஓடிட்டு 'ஒண்ணுமே இல்ல' என்று சொல்லிடுச்சு. நான் நம்பல. கடைசியில மெஷின் அசெம்பிள் பண்ணிக் குடுத்த பையனைக் கூப்பிட்டேன். பாத்த உடனே சொல்லிட்டான்.

"வைரஸ் சார். ஊர் பூரா இதான். ஃபார்மட் போட்டாத்தான் போகும்."

அதோட விடல. "முக்கியமான ஃபைல் எதாச்சும் இருக்கா சார்?" என்று கேக்கவும் செஞ்சான். "பாட்டெல்லாம் டி டிரைவ்ல இருக்குப்பா, சி-யைத் தாராளமா போட்ரு" என்று சொன்னது நான். அப்பாவோட பக்கங்கள் 'மை டாகுமென்ட்ஸ்'ல, அதாவது சி-யில, இருக்குங்கிறது எனக்குச் சாயங்காலம்தான் உறைச்சது. பாட்டெல்லாம் பத்திரமா இருந்தது. ரோட் ராஷ் கூட இருந்தது.

இதுல கொடுமை என்னன்னா, அன்னிக்கு ராத்திரி புத்தம்புது விண்டோஸோட நெட்டுல நுழைஞ்சா பத்து நிமிஷத்துல அதே பெட்டி. 59, 58...

அப்ப என்னதான் நடந்ததுன்னு முழுசாப் புரிய எனக்கு ரொம்ப வருஷம் ஆச்சு.

அதுக்கு முந்தின வைரஸ்களுக்கு ஒரு நாகரிகம் இருந்தது. நாம எதாவது ஒரு தப்பு செய்யணும், அப்பத்தான் உள்ள வரும். 1986ல லாகூர்ல அண்ணன் தம்பி ரெண்டு பேர் எழுதின 'பிரெய்ன்' ஃப்ளாப்பி வழியா பரவினது. 2000 மே மாசம் மணிலாவிலேர்ந்து கிளம்பின 'ஐ லவ் யூ', காதல் கடிதம்னு நம்பி இணைப்பைத் திறந்தவங்களைப் பிடிச்சது. தானாவே நகர்ந்து போற புழு ஜாதியும் 1988லேர்ந்து உண்டுதான். ஆனா 2001ல வந்த கோட் ரெட் எல்லாம் சர்வர்களோட தலைவலி, வீட்டு மனுஷங்களுக்குச் சம்பந்தமில்ல. வீட்டுக்குள்ள, எதையும் தொடாம, மெயில் கூடத் திறக்காம சும்மா உக்காந்திருந்தவனைத் தேடி வந்து அடிச்சது 2003 ஆகஸ்ட் 11ஆம் தேதி தலைகாட்டின பிளாஸ்டர்தான். 6,176 பைட். அப்பாவோட ஒரு அத்தியாயம் இதைவிடப் பெருசு.

விண்டோஸ் 2000லயும் எக்ஸ்பியிலயும் 135ஆம் எண் போர்ட்டுல ஒரு சேவை எப்பவும் காதைத் திறந்து வெச்சிருக்கும். பெட்டியில பேர் வந்ததே, அதே ரிமோட் ப்ரொசீஜர் கால். இன்னொரு கம்ப்யூட்டர் கேக்கற வேலையைச் செஞ்சு குடுக்கறதுக்கு. அதுல ஒரு ஓட்டை இருக்குன்னு போலந்து நாட்டு ஆராய்ச்சியாளர் குழு ஒண்ணு கண்டுபிடிச்சுச் சொல்ல, மைக்ரோசாஃப்ட் ஜூலை 16ஆம் தேதியே அடைப்பு வெளியிட்டுடுச்சு. புழு வந்தது அதுக்கு 26 நாள் கழிச்சு. அந்த 26 நாள்ல எத்தனை பேர் பேட்ச் போட்டோம்? என் சிடிக்குப் பேரே 'நல்லது'தான், எங்கேர்ந்து வந்ததுன்னு நான் சொல்ல வேணாம் :-) விண்டோஸ் அப்டேட்னு ஒண்ணு இருக்குங்கறதே எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தாலும் டயல்-அப்ல யார் உக்காந்து இறக்குவாங்க?

இப்ப அந்தப் பெட்டி. நாங்க எல்லாரும் அதைத்தான் வைரஸ்னு நெனச்சோம். அது வைரஸ் இல்ல. விண்டோஸே போட்ட பெட்டி.

பிளாஸ்டர் கையில ரெண்டு சாவி. ஒண்ணு எக்ஸ்பிக்கு, ஒண்ணு விண்டோஸ் 2000க்கு. எதிர்வீட்ல இருக்கறது எதுன்னு பாக்க அதுக்குத் தெரியாது. நூத்துக்கு எண்பது எக்ஸ்பி சாவி, இருபது 2000 சாவின்னு குத்துமதிப்பா எடுத்துச் சொருகும். சரியான சாவின்னா உள்ள வந்து, தன்னோட முழு நகலையும் வந்த இடத்துலேர்ந்து இழுத்துப் போட்டுக்கும். தப்பான சாவின்னா பூட்டே உடைஞ்சு போகும், அதாவது அந்தச் சேவை செத்து விழும். அந்தச் சேவையை நம்பித்தான் பாதி விண்டோஸ் ஓடுது. அது செத்தா ஒரு நிமிஷத்துல ரீஸ்டார்ட் பண்ணிடணும்னு மைக்ரோசாஃப்ட் வெச்ச ஏற்பாடுதான் அந்த அறுபது நொடி. புழுவுக்கு ரீஸ்டார்ட்ல லாபம் எதுவும் கிடையாது, நஷ்டம்தான். மெஷின் ஓடினாத்தானே அது பரவ முடியும்?

ஆக, பெட்டி வந்தவன் எல்லாம் நோயாளின்னு சொல்ல முடியாது. வாசல்ல யாரோ கதவை இடிச்சிருக்காங்க, அவ்வளவுதான் நிச்சயம். உள்ள வந்துட்டாங்களான்னு தெரிஞ்சுக்க வழி இருந்தது. கன்ட்ரோல்-ஆல்ட்-டெலீட் அழுத்தி, ஓடற வேலைகளோட பட்டியல்ல 'எம்எஸ்பிளாஸ்ட்' என்று ஒரு பேர் இருக்கான்னு பாக்கறது. பத்து செகண்ட் வேலை. நான் பாக்கல. அந்தப் பையனும் பாக்கல. அப்டேட் இல்லாத அந்த ஆன்ட்டி-வைரஸ் 'ஒண்ணுமே இல்ல' என்று சொன்னது ஒருவேளை நிஜமாவே இருந்திருக்கலாம். உள்ள இல்லாத ஒரு புழுவுக்காக நான் வீட்டைக் கொளுத்தியிருக்கலாம். இது எனக்கு எந்தக் காலத்துலயும் தெரியப் போறதில்ல, ஏன்னா சாட்சியையும் சேர்த்துத்தான் ஃபார்மட் பண்ணிட்டேன்.

அதே பெட்டி திரும்ப வந்ததுக்கும் இதுதான் காரணம். ஓட்டை இருந்தது விண்டோஸ்ல. அதே சிடியிலேர்ந்து அதே ஓட்டையைத் திரும்ப இன்ஸ்டால் பண்ணினா இடிக்கறவன் இடிக்கத்தான் செய்வான்.

புழுவை எழுதின ஆசாமி உள்ளே ரெண்டு செய்தி ஒளிச்சு வெச்சிருந்தான். ஒண்ணு 'சான்' என்கிற யாருக்கோ காதல் செய்தி. லவ்சான் என்று இதுக்கு இன்னொரு பேர் வந்தது அதனாலதான். இன்னொண்ணு பில் கேட்ஸுக்கு: பணம் பண்றதை நிறுத்திட்டு உன் சாஃப்ட்வேரைச் சரி பண்ணு, என்கிற அர்த்தத்துல. ஆகஸ்ட் 16ஆம் தேதி, தொத்தின எல்லா மெஷினும் சேர்ந்து விண்டோஸ் அப்டேட் தளத்தைத் தாக்கணும்னு திட்டம். ஆனா அவன் எழுதி வெச்ச முகவரி அசல் தளத்தோடது இல்ல, அங்க கொண்டுபோய் விடற கைகாட்டி மட்டும்தான். மைக்ரோசாஃப்ட் கைகாட்டியைப் பிடுங்கிப் போட்டுட்டாங்க, தாக்குதல் புஸ்ஸுன்னு போச்சு.

நடுவுல ஆகஸ்ட் 14ஆம் தேதி அமெரிக்காவோட வடகிழக்குலயும் கனடாவுலயும் சுமார் 5 கோடி பேருக்குக் கரண்ட் போச்சு. இந்தப் புழுதான் காரணம்னு ஒரு வதந்தி. 2004ல வந்த விசாரணை அறிக்கை அதுக்கு ஆதாரம் எதுவும் இல்லைன்னு சொல்லிடுச்சு. சந்தேகம்னு வந்துட்டா, வல்லரசுகளும் என்னை மாதிரிதான் போல.

எனக்கு ரொம்பப் பிடிச்ச பாத்திரம் ஆகஸ்ட் 18ஆம் தேதி வந்த வெல்ச்சியா. இதுவும் அதே ஓட்டை வழியா நுழையற புழுதான், ஆனா 'நல்லவன்'. பிளாஸ்டர் இருந்தா அழிக்கும், பேட்சை இறக்கிப் போடும், 2004 பொறந்தா தன்னையே அழிச்சுக்கும். கேக்க எவ்வளவு நல்லா இருக்கு! நடந்தது என்னன்னா, அடுத்த வீட்டைத் தேடி அது அனுப்பின 'இருக்கீங்களா' விசாரிப்புகள்லயே நெட்வொர்க்குகள் திணறிப் போச்சு. ஏர் கனடாவோட செக்-இன் தடுமாறிச்சு, அமெரிக்கக் கடற்படையோட நெட்வொர்க்கும் மாட்டிக்கிச்சு. கேக்காம உள்ள வந்து வைத்தியம் பாத்தவன்.

பிடிபட்டது யாரு? மின்னசோட்டாவுல ஜெஃப்ரி லீ பார்சன் என்கிற பதினெட்டு வயசுப் பையன், ஆகஸ்ட் 29ஆம் தேதி. அவனும் அசல் ஆசாமி இல்ல. யாரோ எழுதினதைக் கொஞ்சம் மாத்தி, ஃபைலுக்குத் தன்னோட பட்டப்பேரையே வெச்சு அனுப்பினவன். வீட்டு விலாசத்தைக் குடுத்துட்டுத் திருடப் போன மாதிரி. 2005 ஜனவரியில 18 மாசம் சிறைன்னு தீர்ப்பாச்சு. அசல் பிளாஸ்டரை எழுதினவன் தலைக்கு மைக்ரோசாஃப்ட் இரண்டரை லட்சம் டாலர் விலை வெச்சும் அவன் சிக்கவேயில்ல.

எனக்கு ஆத்திரம் அவன் மேலகூட அவ்வளவா இல்ல. எக்ஸ்பி 2001ல வந்தப்பவே அதுக்குள்ள ஒரு ஃபயர்வால் இருந்தது. ஒரு டிக் அடிச்சா 135ஆம் வாசல் வெளிலேர்ந்து மூடிக்கும். ஆனா வாங்கும்போது டிக் இல்லாம வரும், அமைப்புகளுக்குள்ள எங்கயோ ஒரு மூலையில கிடக்கும். பூட்டு வீட்டுக்குள்ளயே இருந்திருக்கு, மாட்டத்தான் இல்ல. அதைத் தானாகவே மாட்டிக் குடுத்தது 2004 ஆகஸ்ட்ல வந்த சர்வீஸ் பேக் 2. பிளாஸ்டருக்கு ஒரு வருஷம் கழிச்சு.

என் வீட்டுக் கதைக்கு வரேன். விஷயம் தெரிஞ்ச ஒருத்தர் ப்ரவுசிங் சென்டர்ல அந்தப் பேட்சை ஃப்ளாப்பியில போட்டுக் குடுத்தார். முதல் ஃப்ளாப்பி பாதியில எரர், ரெண்டாவது வேலை செஞ்சது. ஒரு காலத்துல வியாதி சுமந்த ஃப்ளாப்பி எங்க வீட்டுக்கு மருந்து சுமந்துக்கிட்டு வந்தது. பெட்டி நின்னது. அவர் போற போக்குல இன்னொண்ணும் சொன்னார்: "அந்தப் பொட்டி வந்தா பயப்படாதீங்க சார். ரன்ல போய் 'ஷட்டவுன்', ஒரு ஸ்பேஸ், ஒரு மைனஸ், 'ஏ' அடிச்சா கவுன்ட்டிங் நின்னுடும்."

அவ்வளவுதானா என்று கேட்டேன். அவ்வளவுதான் என்றார்.

அப்பாகிட்ட மூணு நாள் சொல்லல. நாலாவது நாள் எட்டு மணிக்கு ஈஸி சேர்ல வந்து உக்காந்துட்டு "எதுல விட்டோம்?" என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் சேர்க் கையில விரலால தட்டிக்கிட்டே இருந்தார். "சரி, ஆரம்பத்துலேர்ந்து போடு" என்றார்.

ஆனா ரெண்டாவது தடவை அதே கதை வரல. பேர்களை விட்டுட்டார், வருஷங்களைச் சுருக்கிட்டார். பந்தல் வாசல் பியூன் கதையில தென்னை மரமே இல்ல, நான் எடுத்துக் குடுத்தப்ப "அப்படியா சொன்னேன்?" என்றார். தினமும்னு இருந்தது வாரத்துக்கு ஒரு நாள் ஆச்சு, அப்புறம் அதுவும் நின்னுபோச்சு. அப்பா 2009ல போயிட்டார்.

அந்த ரெண்டாவது ஃபைலை ஒவ்வொரு மெஷினுக்கும் மாத்திக்கிட்டே வரேன். போன வருஷம்தான் யூனிகோடுக்கு மாத்தினேன். மொத்தம் பதினொரு பக்கம். பதினொண்ணாவது பக்கம் மாயவரத்துக்கு மாத்தலாகிப் போன அன்னிக்கு ராத்திரி, பாதி வாக்கியத்துல நிக்குது.