‘கேட்கிறதா?’ என்று ஓங்கிலிடம் கேட்ட கதை

ஒரு விலங்கிடம் ‘உனக்கு இது கேட்கிறதா?’ என்று எப்படிக் கேட்பது? டால்பின் என்று நாம் எழுதும் ஓங்கிலின் செவித்திறனை அறிய முயன்றவர்கள் முதலில் திணறியது இந்த இடத்தில்தான்.

1947இல் புளோரிடாவின் மரைன் ஸ்டூடியோஸ் கடற்காட்சியகக் காப்பாளர் ஆர்தர் மெக்பிரைட், கலங்கிய நீரில், இரவிலும்கூட, ஓங்கில்கள் வலையை உணர்ந்து விலகுவதைக் கண்டார். அக்குறிப்புகள் அவர் மறைந்த பின், 1956இல்தான் அச்சேறின. இதற்கிடையே 1953இல், ஒலி எழுந்ததும் உணவுக்கு வரப் பழக்கப்பட்ட ஓங்கிலொன்று, நொடிக்கு 1,00,000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட ஒலிக்கும் வருவதை வில்லியம் ஷெவில்லும் பார்பரா லாரன்ஸும் நிறுவினர். மனிதச் செவியின் எல்லை ஏறத்தாழ 20,000.

சரி, வருகிறது. ஆனால் எவ்வளவு மெல்லிய ஒலிவரை கேட்கிறது? அமெரிக்கக் கடற்படை ஆய்வாளர் ஸ்காட் ஜான்சன் 1960களின் நடுவில் அதை அளந்தார். சோதனைக்கு நின்ற ஓங்கிலின் பெயர் சால்ட்டி. விளக்கு எரியும்போது அது தன் இடத்தில் காத்திருக்க வேண்டும். ஒலி கேட்டால் சென்று நெம்புகோலைத் தள்ள வேண்டும். கேட்காவிட்டால் விளக்கு அணையும்வரை அசையலாகாது. விடை சரியானால் மீன். ஒலியே எழுப்பாமல் விளக்கை மட்டும் எரியவிடும் தடவைகளும் இடையிடையே உண்டு. என் பார்வையில் இந்தச் சோதனையின் உயிர் அதுதான்: மீனுக்காக ‘கேட்டது’ என்று சொல்லும் ஓங்கிலை அது காட்டிக்கொடுத்துவிடும். (நம் பள்ளித் தேர்வுகளில் இப்படியோர் ஏற்பாடு இல்லாதது மாணவர்களின் நல்லூழ்.) சரியாகச் சொல்லச் சொல்ல ஒலியைத் தாழ்த்தி, தவறினால் உயர்த்தி, 75 முதல் 1,50,000 அதிர்வுகள்வரை கேட்புத்திறன் வரைபடம் ஒன்றை ஜான்சன் உருவாக்கினார்.

அந்த ஒற்றை ஓங்கிலின் விடைகளே நெடுங்காலம் ஓர் இனம் முழுமைக்கும் அளவுகோலாயின. 2000 மார்ச்சில் பஹாமாஸ் கரைகளில், கடற்படைச் சோனார் ஒலியை அடுத்துத் திமிங்கிலங்கள் ஒதுங்கி இறந்தபின், எவ்வளவு ஒலி தீங்கு செய்யும் என்பது ஏட்டுக் கேள்வியாக இருக்கவில்லை. எல்லாச் செவியும் சால்ட்டியின் செவிதானா?

2006இல் ஹவுசரும் ஃபின்னரனும் 42 ஓங்கில்களின் செவிகளைச் சோதித்த முடிவுகளை வெளியிட்டனர். இம்முறை நெம்புகோல் இல்லை. உறிஞ்சுகிண்ணத்தால் தோலில் ஒட்டிய மின்முனைகள், ஒலிக்கு மூளை காட்டும் மறுமொழியை நேரே பதிந்தன. முதிய ஓங்கில்கள் பலவும் உயர்ந்த அதிர்வுகளைக் கேட்கும் திறனை இழந்திருந்தன. ஆண்களில் அவ்விழப்பு முன்னதாகவே தொடங்கியிருந்தது.